வெள்ளையாகிப் போன இரண்டு சீட்டுகள்

என் கண்ணு,

இதை நீ படிக்கும் நாளில் உனக்கு என்னைவிட வயது கூடியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. உனக்கு மூன்று மாதம். நீ முதன்முதலாக வேலைக்குக் கிளம்பும் நாளில் கொடுப்பதற்காக இதை எழுதி, உன் தடுப்பூசி அட்டை இருக்கும் பிளாஸ்டிக் உறையில் வைக்கப் போகிறேன். அப்போது நான் எப்படி இருப்பேனோ தெரியாது. ஆனால் இந்தத் தாளில் இருப்பவள் பத்தொன்பதிலேயே நின்றிருப்பாள். நீ வளர வளர அவள் அப்படியே இருப்பாள். உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி உனக்குப் புத்தி சொல்கிறாளே என்று சிரிக்காதே. திங்கட்கிழமை நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். உன்னை விட்டுவிட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. போவதற்கு முன் நான் வேலை பார்த்த அறையில் நடந்ததை ஒருமுறையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட பாதிதான்.

நான் அதிகம் பேசாதவள் என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சின்ன வயதில் இன்னும் மோசம். பெங்களூரில் ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் நடந்து ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். காலையில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் திறக்காது. எழுந்து நிற்பேன், தொண்டை அடைத்துக்கொள்ளும், உட்கார்ந்துவிடுவேன். பக்கத்துப் பெண்கள் முதலில் எனக்காகச் சொன்னார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துப்போனது. எட்டாம் வகுப்பில் புதிதாக வந்த டீச்சர், குரல் கேட்டால்தான் வருகை போடுவார். அதனால் வகுப்பில் இருந்துகொண்டே நான் வராதவள் ஆனேன். வருஷக் கடைசியில் அந்தப் பதிவேட்டை என் அம்மாவிடம் காட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்து, "தினமும் எங்கடி போன?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதோடு படிப்பு நின்றது. நான் அங்கே இருந்தேன், ஆனால் தாளில் நான் இல்லை. கடைசியில் தாள் சொன்னதுதான் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

பதினெட்டு முடிந்ததும் கல்யாணம். உன் அப்பாவுக்குப் பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்கு நாய்களுக்கான ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மாடியில் இருந்த ஆராய்ச்சி அறையில் பாட்டில் கழுவும் வேலை கிடைத்தது. பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே இருந்த டாக்டர் மேடம் நாய்களின் எலும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். ஸ்கூட்டரில் அடிபட்டு உடைந்த கால், ஒன்றுமே நடக்காமல் தானாக உடைந்த கால், உடைந்து சேர்ந்த பிறகு வீங்கிக்கொண்ட கால், எல்லாம் அவரிடம் வரும். எலும்பு வீங்கினால் அது கிருமியாலும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் சில சமயம் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வீங்கிய இடத்திலிருந்து நகத்தளவு எலும்பை எடுத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நிச்சயம். ஆனால் எலும்பை அப்படியே சீவ முடியாது. முதலில் ஆசிட்டில் ஊற வைக்க வேண்டும். சில நாளில் எலும்பில் இருக்கும் கெட்டித்தனம் எல்லாம் கரைந்துபோய், எலும்பு எலும்பின் வடிவத்திலேயே ரப்பர் மாதிரி வளையும். முதல்முறை அதை இடுக்கியில் எடுத்தபோது அப்படியே திரும்பப் பாட்டிலில் போட்டுவிட்டேன். நடந்த கால், ஓடிய கால், இப்போது காது மடல் போல மடங்குகிறது.

மேடம் போகப்போக எனக்கு அந்தப் பாட்டில்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் கொடுத்தார். ஆசிட் மாற்றுவது, ஊசியால் குத்தி எலும்பு இளகிவிட்டதா என்று பார்ப்பது, சீட்டு எழுதுவது. சீட்டுதான் முக்கியம். பாட்டிலுக்கு வெளியே ஒட்டுகிற தாள் ஆசிட் ஆவியில் உதிர்ந்துவிடும். அதனால் சின்னத் துண்டுத் தாளில் நாயின் எண்ணையும் பெயரையும் எழுதி, எலும்போடு சேர்த்து உள்ளேயே போட்டுவிட வேண்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை ஆசிட்டில் கரைந்துபோகும், பென்சில் கரையாது. மேடம் முதல் நாளே சொன்னார்: "பென்சிலு. ஒன்லி பென்சிலு. மறக்கூடாது." அவர் கன்னடக்காரர். என்னிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். உன் அப்பா என்னைக் கிண்டல் செய்வார்: "எங்க வீட்டுல ஊறுகா போடத் தெரியாது. ஆனா நாய் எலும்பை மட்டும் நல்லா ஊறப் போடுவா."

நீ வயிற்றில் வந்து நாலு மாதம் ஆன அன்று அவர் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தார். நீல மை, வெள்ளி மூடி. "எழுதுற வேலை பாக்குற பொம்பள பென்சிலை வெச்சிக்கினு திரியாத" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்கு அது உறைத்தது. மறுநாள் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் ஆராய்ச்சி அறையைப் பார்க்க வந்திருந்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஒரே வயது. என் கையில் கடித்துக் கடித்துக் குட்டையாகிப் போன பென்சில். எட்டாம் வகுப்பில் நின்றுபோனவள் என்று அது சொல்லிவிடும் போலிருந்தது. நான் பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு, பேனாவை எடுத்து அன்று வந்த இரண்டு எலும்புகளுக்கும் சீட்டு எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "எவ்ளோ நீட்டா எழுதுறீங்க" என்றாள். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. என் தப்பு அவ்வளவுதான் கண்ணு. தப்பு செய்யும்போது தப்பு மாதிரியே இருக்காது. பாராட்டு மாதிரி இருக்கும்.

அந்த இரண்டு எலும்பில் ஒன்று டைகருடையது. டைகர் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி கூட்டி வந்த பெரிய செவலை நாய். வலது பின்னங்கால் வீங்கியிருந்தது. ஒருநாள் சும்மா திரும்பிப் படுக்கும்போது அந்தக் கால் உடைந்தது. இரண்டு மாதம் வந்துபோய்க்கொண்டிருந்து செத்துப்போனது. காவலாளி எலும்பை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். டைகரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் தாண்டித் தாண்டி மாடி ஏறி வந்து, எங்கள் அறையின் நீலக் கதவுக்கு முன்னால் உட்காரும். இடது முன்னங்காலை மட்டும் தூக்கி வாசற்படிமேல் வைத்துக்கொள்ளும். உள்ளே இரண்டாவது அலமாரித் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தட்டில்தான் ஆசிட் பாட்டில்கள். பிறகு அதன் எலும்பும் அதே தட்டில்தான் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு எலும்பு ராணியுடையது. ராணி உயிரோடு இருந்தது. ஆஸ்டின் டவுனில் ஆட்டோ ஓட்டும் மாரியப்பன் அண்ணனின் வெள்ளை நாய். ஸ்கூட்டர் மோதி இடது பின்னங்கால் உடைந்து, உள்ளே கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்த இடம் வீங்கியது. அங்கிருந்து துளி எலும்பை எடுத்து அனுப்பியிருந்தார்கள். மாரியப்பன் அண்ணன் எப்போதும் பேசிக்கொண்டே இருப்பார். "எங்க வூட்டுல ராணி ஒருத்திதாம்மா என் பேச்சைக் கேக்குறவ. கால் போச்சுன்னா அவளும் எழுந்து போவ முடியாது, இன்னும் நல்லா கேப்பா" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே நாயின் காதை விடாமல் தடவுவார்.

மூன்றாம் நாள் ஆசிட் மாற்றப் பாட்டில்களைத் திறந்தேன். இரண்டு சீட்டும் வெள்ளையாக மிதந்தன. ஆசிட் மட்டும் லேசாக நீலம் பூத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. இரண்டு பாட்டிலும் ஒரே அளவு. இரண்டு துண்டும் ஒரே அளவு. இடது பக்கம் இருந்தது ராணியா, டைகரா? நான் முந்தின நாள் தட்டைத் துடைத்தபோது பாட்டில்களை இடம் மாற்றினேனா? நினைவே வரவில்லை. மேடம் பக்கத்து அறையில்தான் இருந்தார். பத்து அடி. நான் போகவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, புதுச் சீட்டு இரண்டு எழுதி, இடது பாட்டிலில் ராணி, வலது பாட்டிலில் டைகர் என்று போட்டு மூடினேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இந்த முறை எழுத்து அழியாது என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். நான் தண்ணீர்த் தொட்டியில் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். அது டைகர் வரும் சத்தம். கையில் இருந்த கண்ணாடி நழுவித் தொட்டியில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் நீலக் கதவுக்கு முன்னால் ராணி உட்கார்ந்திருந்தது. அதற்கு முன் அது மாடிக்கு வந்ததே இல்லை. இடது முன்னங்காலை எடுத்து வாசற்படிமேல் வைத்தது. தலையைத் தூக்கி இரண்டாவது தட்டைப் பார்த்தது. மாரியப்பன் அண்ணன் மூச்சு வாங்க ஏறி வந்தார். "இன்னாம்மா இது, கையை உதறிக்கினு ஓடியாந்துட்டா. இப்டி காலைத் தூக்கி வெச்சி ஒருநாளும் உக்காந்ததில்ல. ராணி. ஏய் ராணி." ராணி திரும்பவில்லை. அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிப்போனார்.

நாய்க்கு மோப்பம் உண்டு, டைகர் உட்கார்ந்த இடத்தின் வாசனையைப் பிடித்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கட்டு மாற்ற வந்தபோதும் அதே இடத்தில், அதே போல் உட்கார்ந்தது. அண்ணன் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். வராந்தாவில் யாரும் இல்லை. பேசக் கூச்சப்படும் நான், நாயிடம்கூட அதுவரை பேசியதில்லை. குனிந்து, எனக்கே கேட்காத குரலில், "டைகர்" என்றேன். ராணி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வால் தரையில் இரண்டு தடவை அடித்தது. நீ அப்போது என் வயிற்றில் முதல் தடவையாக அசைந்தாய். அதற்கு முன் அசைந்து எனக்குத் தெரியாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலைக்குள் ஸ்லைடுகள் தயாராகி மேடம் பார்த்துவிட்டார். ராணிக்குப் புற்றுநோய் என்று வந்தது. டைகருக்கு ஒன்றுமில்லை, கிருமி மட்டும்தான் என்று வந்தது. "டைகருக்கு ஒண்ணும் இல்லைன்னா ஏன் செத்தான்?" என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டு, நோட்டில் மூன்று கேள்விக்குறி போட்டார். பிறகு மாரியப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, ராணியின் இடது பின்னங்காலை இடுப்போடு எடுத்துவிட வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். அண்ணன் ராணியின் காதைத் தடவினார். "மூணு காலுல எங்க வூட்டுப் படி ஏறுவாளா மேடம்?" என்று மட்டும் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஸ்லைடு பொய் சொல்லவில்லை. சீட்டுதான் பொய். அந்தப் பொய் என் கையெழுத்தில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். பள்ளிக்கூடத்தில் போலவே வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை கண்ணு. மேடம் என் முகத்தைப் பார்ப்பாரே என்ற பயம். ஒரு நாயின் காலைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. என்னைப் பற்றி நீ எதை மறந்தாலும் இதை மறக்காதே. உன் அம்மா அப்படியும் இருந்தவள்.

புதன்கிழமை ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனைக்காக அவர்கள் வந்தார்கள். மாரியப்பன் அண்ணன் மேடத்திடம் சொல்வது எனக்குக் கேட்டது. "நேத்துலேருந்து காலை மாத்தித் தூக்குறா மேடம். கெட்டுப்போனது இடது காலு. இவ வலது காலைத் தூக்கிக்கினு, கட்டு போட்ட காலை ஊனி நடக்குறா." மேடம், "நல்ல காலிலே வெயிட் போட்டுப் போட்டு அந்தக் காலும் வலிக்குது, சகஜம்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ராணி வலது பின்னங்காலை உள்பக்கமாக மடித்துத் தூக்கியிருந்தது. பாதம் லேசாக வெளியே திரும்பியிருந்தது. டைகர் அப்படித்தான் தூக்கும். அந்த மடிப்பை நான் இரண்டு மாதம் பார்த்திருக்கிறேன். ராணி என்னைப் பார்த்தது. என்னைக் குறை சொல்கிற பார்வை இல்லை. பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் பார்வை.

நான் மேஜையில் கிடந்த ஒரு துண்டுத் தாளை எடுத்து, பென்சிலில் எழுதினேன். 'ராணி சீட்டும் டைகர் சீட்டும் நான் பேனாவில் எழுதினேன். அழிந்துவிட்டது. எது எது என்று தெரியாமல் நானாகப் போட்டேன்.' மேடத்திடம் நீட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஏனு? எனக்குத் தமிழ் ஓதக்கு வராதும்மா. நீயே படி." எனக்கு அது தோன்றவே இல்லை. வாயைத் திறக்காமல் தப்பிக்க நான் கண்டுபிடித்த வழி அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. மாரியப்பன் அண்ணன் கையை நீட்டி, "குடும்மா, நான் படிச்சிச் சொல்றேன்" என்றார். அவரை அதைப் படிக்க விட என்னால் முடியவில்லை. அவருடைய நாயின் கால் அது. தாளை வாங்கிக்கொண்டேன். படித்தேன். முதல் தடவை குரல் வரவில்லை. "ஜோராக" என்றார் மேடம். சத்தமாக என்று அர்த்தம். மறுபடி படித்தேன். வராந்தா முழுவதும் கேட்டது.

மாரியப்பன் அண்ணன் நாயின் காதைத் தடவுவதை நிறுத்தினார். மேடம் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்னும் எத்தனை?" இரண்டுதான் மேடம் என்றேன். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த ஒரு வாரம் நான் எழுதிய எல்லாச் சீட்டுகளையும், எல்லாப் பாட்டில்களையும், பழைய ஸ்லைடுகள் உட்பட ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். திட்டியிருந்தால் ஒரு நாளில் போயிருக்கும். அந்த ஒரு வாரம் போகவே இல்லை. பொய் சொன்ன பிறகு நீ சொல்லும் உண்மையும் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆபரேஷனை நிறுத்தினார்கள். ராணியின் காலிலிருந்து மறுபடி துளி எலும்பு எடுத்தார்கள். அதற்கு மேடமே சீட்டு எழுதினார். ஆசிட்டில் அது இளகும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன் அப்பா, "நாய்க்கு விரதம் இருக்கியா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் சீட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். டைகர் கதையைச் சொல்லவில்லை. முடிவு வந்தது. ராணிக்குக் கிருமிதான். உள்ளே இருந்த கம்பியை எடுத்து, மருந்து கொடுத்தால் போதும். மேடம் தன் நோட்டில் மூன்று கேள்விக்குறிகளையும் அடித்துவிட்டு, அலமாரியில் இருந்த இரண்டு பழைய பாட்டில்களையும் என் முன்னால் வைத்தார். "நீயே மாத்து." நான் சீட்டுகளை எடுத்து இடம் மாற்றிப் போட்டேன். மணி பன்னிரண்டரை.

அடுத்த நாள் மாரியப்பன் அண்ணன் வந்தபோது என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம். மேடத்திடம்தான் சொன்னார். "நேத்து மத்தியானம் சோறு தின்னுக்கினு இருந்தா மேடம். திடீர்னு எழுந்து உடம்பை ஒரு உதறு உதறினா. பாத்தா இடது காலைத் தூக்கிக்கினு நிக்கிறா, பழையபடி." எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிய வேண்டாம். அதற்குப் பிறகு ராணி மாடி ஏறவில்லை. நீலக் கதவுக்கு முன்னால் உட்காரவில்லை. இரண்டு மாதத்தில் நாலு காலையும் ஊன்றி நடந்தது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது "டைகர்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். காதுகூட அசையவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, டைகரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. செத்த நாய்க்கு வேறு என்ன வழி இருந்திருக்கும், யோசித்துப் பார். தன் பெயர் தப்பான இடத்தில் கிடக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. வாய் இருந்த நான் சொல்லவில்லை.

நீ பிறந்த வார்டில் அன்று இன்னும் சில குழந்தைகள் பிறந்திருந்தன. நர்ஸ் உன் கையில் கட்ட ஒரு துணிப்பட்டையில் பேனாவால் என் பெயரையும் படுக்கை எண்ணையும் எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் வலி, ஆனால் அந்தப் பேனாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, ஒரு நிமிஷம் அதைக் குடுங்க" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று உன் அப்பா திரும்பிப் பார்த்தார். பட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் மறுபடி அதையே எழுதினேன். "இன்னாம்மா, புள்ளைக்கு இப்பவே ஹோம்வொர்க்கா?" என்று நர்ஸ் சிரித்தார். உன்னைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டு வந்தபோது பட்டை நனைந்திருந்தது. முன்பக்கம் எழுத்து இல்லை. உன் மணிக்கட்டில் லேசாக நீலம் பூத்திருந்தது. பட்டையைத் திருப்பினேன். என் எழுத்து அப்படியே இருந்தது. அன்று நான் அழுததை எல்லாரும் பிரசவ வலி என்று நினைத்தார்கள்.

அதனால் இந்தக் கடிதமும் பென்சிலில்தான் இருக்கும். உன் அப்பா வாங்கித் தந்த பேனா பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அதை நீ எடுத்துக்கொள். ஆனால் எதை எழுதினாலும் அது எந்தத் தண்ணீரில் போய் விழும் என்று யோசித்துவிட்டு எழுது. தப்பு செய்தால் பத்து அடி தூரத்திலேயே யாராவது இருப்பார்கள், அன்றைக்கே போய்ச் சொல். உனக்கும் என்னைப் போல் தொண்டை அடைத்தால் தாளில் எழுதிக்கொள், பரவாயில்லை, ஆனால் அதை நீயே படி. இதைப் படித்து முடித்ததும் வீட்டுக்குள் வந்து, நான் எந்த அறையில் இருந்தாலும், அம்மா என்று கூப்பிடாமல் என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. யாராவது ஏதாவது நினைத்துக்கொள்ளட்டும். நான் எழுந்து நின்று, உள்ளேன் என்று சத்தமாகச் சொல்வேன்.

அன்புடன்,
உன் அம்மா